மேலே ஒன்று, கீழே ஒன்று: சின்னச் செயற்கைக்கோளும் அதன் டிஜிட்டல் இரட்டையும்

வீட்டுத் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் பிரித்துப் பார்க்கலாம். பைக் பாதி வழியில் நின்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடலாம். தரையிலிருந்து 515 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி மக்கர் செய்தால் என்ன செய்வது? ஒரு நாளில் சில தடவை, தடவைக்குப் பத்து நிமிடம்போல, அது தரை நிலையத்தின் வானத்தைக் கடந்து போகும். அந்த நேரத்துக்குள் ரேடியோவில் பேசிக்கொள்ளலாம். அதுவும் அது பதில் சொன்னால்தான். அதனால்தான் அதைப்போலவே நடந்துகொள்ளும் கணினிப் பிரதி ஒன்றைக் கீழே வைத்துக்கொள்கிறார்கள், அதுதான் டிஜிட்டல் இரட்டை. மேலே போகப்போகும் மெஷின் லேர்னிங் மாடலை, அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரலை, முதலில் அந்த இரட்டையில் எப்படிச் சோதிப்பது என்பதுதான் இங்கே கதை.

515 என்று சும்மா சொல்லவில்லை. அந்த உயரத்தில் ஆப்ஸ்-சாட் என்று ஒரு செயற்கைக்கோள் இருந்தது. ஐரோப்பிய விண்வெளி முகமையான ஈசா அதை 2019 டிசம்பர் 18 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து அனுப்பியது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கட்டியது. உருவம் ஏறத்தாழ 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், 30 செ.மீ. நீளம். இரண்டு கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரிப் பெட்டிகளுக்குக் கியூப்சாட் என்று பெயர். கலிஃபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புயிக்-சுவாரியும் ஸ்டான்ஃபோர்டின் பாப் ட்விக்ஸும் 1999-இல் வகுத்த அளவு அது. பக்கத்துக்கு 10 செ.மீ. கொண்ட கனசதுரம் ஒரு யூனிட். ஆப்ஸ்-சாட் மூன்று யூனிட். மாணவர்கள் படிப்பை முடிப்பதற்குள் ஒரு செயற்கைக்கோளைக் கட்டி ஏவிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அந்த இருவரின் ஆசை. அது கல்லூரிகளைத் தாண்டிக் கம்பெனிகளுக்கும் விண்வெளி முகமைகளுக்கும் பரவிவிட்டது.

விண்வெளித் துறையில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. புது மென்பொருள் ஒன்றைக் கொண்டுபோனால், 'இதற்கு முன் பறந்திருக்கிறதா?' என்று கேட்பார்கள். இல்லை என்றால் ஏற்ற மாட்டார்கள். ஏற்றாததால் அடுத்த தடவையும் அது பறந்திராது. வேலை அனுபவம் இல்லாதவனுக்கு வேலை இல்லை என்கிற அதே கதைதான். இந்தச் சுழலை உடைக்கத்தான் ஆப்ஸ்-சாட் பறந்தது. வெளியாட்களும் பதிவு செய்துகொண்டு தங்கள் மென்பொருளை அதில் ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே 800 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரட்டை மைய ஆர்ம் செயலியும் 1 ஜிபி நினைவகமும் இருந்தன. நம் வீட்டு டிராயரில் கிடக்கும் பழைய ஸ்மார்ட்போன் அளவுக்கான சாமான்தான். ஆனாலும், தான் அப்போது இயக்கிவந்த எந்தக் கலத்தின் கணினியையும்விட இது பத்து மடங்கு திறன் கொண்டது என்று ஈசா பெருமையாகச் சொன்னது. விண்வெளிக் கணினிகள் எவ்வளவு பழமையானவை என்பது இதிலிருந்தே தெரியும்.

சரி, இதில் மெஷின் லேர்னிங் எங்கே வருகிறது?

படம் எடுப்பது சுலபம், அதைக் கீழே இறக்குவதுதான் பாடு. சின்ன ஆன்டெனா, கொஞ்சம் மின்சாரம், பத்து நிமிட ஜன்னல். இதில் பூமியின் மூன்றில் இரண்டு பங்கை எந்த நேரமும் மேகம் மூடியிருக்கிறது. கஷ்டப்பட்டு இறக்கிய படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் எப்படி இருக்கும்? அதனால் செயற்கைக்கோளே படத்தைப் பார்த்து, வேண்டும், வேண்டாம் என்று பிரித்துவிட்டால் நல்லது. ஆப்ஸ்-சாட்டில் ஓடிய ஸ்மார்ட்கேம் என்ற மென்பொருள் இதைத்தான் செய்தது. எடுத்த படம் பூமியா, பூமியின் விளிம்பா, உதவாத படமா என்று டென்சர்ஃப்ளோ லைட் என்ற மென்பொருள் கருவியில் ஓடும் மாடல் ஒன்றைக் கொண்டு தரம் பிரித்தது. இன்னொரு வேலை, உடம்பைக் கவனிப்பது. மின்கலத்தின் மின்னழுத்தம், மின்னணுப் பலகைகளின் வெப்பநிலை, கலத்தைத் திருப்பும் சக்கரங்களின் சுழற்சி என்று நூற்றுக்கணக்கான அளவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். இவற்றுக்கு டெலிமெட்ரி என்று பெயர். ஏதோ சரியில்லை என்று மனிதர் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். மாடல் ஒன்று அங்கேயே உட்கார்ந்து கவனித்தால் தேவலை.

இங்கேதான் சிக்கல். மெஷின் லேர்னிங் மாடல் உதாரணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. ஏவப்படாத செயற்கைக்கோளிடம் உதாரணம் எங்கிருந்து வரும்? அது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அதன் மின்கலம் நிழலில் எப்படிக் குளிரும் என்பதற்கு ஒரு நாள் பதிவுகூட இல்லை. ஏவியபின் கற்றுக்கொடுக்கலாம் என்றால், அதற்குள் கோளாறு வந்துவிட்டால் யார் பிடிப்பது? அந்த உதாரணங்களைத் தரையிலேயே உண்டாக்கித் தரத்தான் டிஜிட்டல் இரட்டை.

இரட்டை எப்படி இருக்கும்?

டிஜிட்டல் இரட்டை என்றதும் பலரும் பளபளவென்று சுழலும் முப்பரிமாணப் படத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். விளம்பரங்கள் அப்படிக் காட்டுகின்றன. படம் அதில் முக்கியமே இல்லை. உண்மையான கலம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்கிற கணினிப் பிரதி வேண்டும். வெயிலில் சூடாக வேண்டும், நிழலில் குளிர வேண்டும், ரேடியோவை இயக்கினால் மின்கலம் இறங்க வேண்டும். திரையில் வெறும் எண்களாக ஓடினாலும் போதும்.

இந்த யோசனையின் தாத்தா என்று பலரும் காட்டுவது அப்போலோ 13. 1970 ஏப்ரலில் நடுவழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, தரையில் இருந்த சிமுலேட்டர்களில்தான் வழிமுறைகளை ஒத்திகை பார்த்தார்கள். ஜெர்மன் தட்டம்மைத் தொற்று பயத்தில் கடைசி நேரத்தில் பயணத்திலிருந்து நீக்கப்பட்ட கென் மேட்டிங்லி, அணைத்துப்போட்ட கலத்தைக் குறைந்த மின்சாரத்தில் மறுபடி உயிர்ப்பிக்கும் முறையை அங்கே உட்கார்ந்து வகுக்க உதவினார். அது இரும்பும் சுவிட்சுமான இரட்டை. டிஜிட்டல் வடிவத்துக்கான கருத்தை 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ் முன்வைத்தார். 'டிஜிட்டல் ட்வின்' என்ற பெயர் 2010 வாக்கில் நாசாவின் ஆவணங்கள் வழியாகப் பரவியது.

சிமுலேட்டருக்கும் இரட்டைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எனக்குப் பிடித்த பதில் இது: சிமுலேட்டர் ஒரு வகையைப் பற்றியது, இரட்டை ஒரு ஆளைப் பற்றியது. மூன்று யூனிட் கியூப்சாட் பொதுவாக எப்படி இருக்கும் என்று சிமுலேட்டர் சொல்லும். இந்தக் குறிப்பிட்ட பெட்டியின் இடப்பக்கச் சூரியத் தகடு மற்றதைவிட நாலு சதவீதம் குறைவாக மின்சாரம் தருகிறது என்பது இரட்டைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிய, விண்ணில் சுற்றும் கலத்திலிருந்து தகவல் கீழே வந்துகொண்டே இருக்க வேண்டும். ஏவுவதற்கு முன் அந்தத் தகவல் கிடையாது. ஆகவே, கறாராகப் பேசினால், ஏவும் நாள் வரை இரட்டை என்று நாம் சொல்வது நல்ல சிமுலேட்டர்தான். ஆனாலும் எல்லாரும் இரட்டை என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

எப்படிக் கட்டுவது என்பதற்கு நல்ல உதாரணம் நாசாவின் நாஸ்-3 என்ற மென்பொருள். மேற்கு வர்ஜீனியாவின் ஃபேர்மான்ட் நகரில், நாசாவின் மென்பொருள்களைத் தனியாகச் சரிபார்க்கும் மையத்தில் உருவானது. எஸ்டிஎஃப்-1 என்ற மூன்று யூனிட் கியூப்சாட்டுக்காகத் தொடங்கிய வேலை அது. அந்தக் கியூப்சாட் 2018 டிசம்பர் 16 அன்று நியூசிலாந்திலிருந்து எலக்ட்ரான் ராக்கெட்டில் போய்ச் சேர்ந்தது.

நாஸ்-3-இல் எனக்குப் பிடித்தது அது பொய் சொல்லும் விதம். பறக்கப்போகும் மென்பொருள் இருக்கிறதே, அதை அப்படியே லினக்ஸ் கணினியில் ஓட்டுகிறார்கள். அந்த மென்பொருள் வழக்கம்போல ஜிபிஎஸ் கருவிக்கு ஒரு கேள்வி அனுப்பும். அந்தப் பக்கம் ஜிபிஎஸ் கருவி கிடையாது. அதைப்போலவே பதில் சொல்லும் ஒரு நிரல் இருக்கிறது. அதே பைட்டுகள், அதே வரிசை. மின்சக்திப் பலகை, காந்தமானி, சுழல் சக்கரம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு நகல். இந்த நகல்களுக்கு விடை சொல்லிக்கொடுப்பது '42' என்ற இன்னொரு நிரல். இந்தக் கணத்தில் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சூரியன் எந்தத் திசையில், காந்தப்புலம் எவ்வளவு என்று இயற்பியல் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆகப் பறக்கும் மென்பொருளுக்குத் தான் மேசைக் கணினிக்குள் இருப்பது தெரியாது. விண்ணில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்யும்.

உங்கள் மெஷின் லேர்னிங் மாடலை அந்த மென்பொருளோடு சேர்த்துவிட்டால் அதற்கும் தெரியாது.

வேண்டுமென்றே உடைப்பது

இரட்டையின் அருமை அது நன்றாக ஓடுவதில் இல்லை. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் கெடுத்துப் பார்க்கலாம் என்பதில் இருக்கிறது. உண்மையான மின்கலத்தைக் கொன்று பார்க்க யாருக்கும் மனம் வராது, பணமும் வராது.

ஒரு சின்ன உதாரணம் எடுத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை, நடப்பு உண்மையானது. உங்கள் கியூப்சாட் 95 நிமிடத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிறது. அதில் 35 நிமிடம் பூமியின் நிழலில். மின்கலத்தின் வெப்பநிலை வெயிலில் 14 டிகிரிக்கு ஏறும், நிழலில் 5-க்கு இறங்கும், 5-ஐத் தொட்டதும் ஹீட்டர் எரியும். ஒரு நாளில் 15 அலைகள். இந்த அலையை மாடல் கற்றுக்கொண்டுவிட்டது. அலை கலைந்தால் கத்த வேண்டும் என்பது அதற்குக் கொடுத்த வேலை.

இப்போது இரட்டைக்குள் போய் ஒரு சூரியத் தகட்டை அணைத்துவிடுகிறீர்கள். முதல் சுற்றில் ஒன்றும் தெரியாது. மின்கலம் முழுதாக நிரம்பாமலே நிழலுக்குள் போகும். இரண்டாவது சுற்றில் இன்னும் கொஞ்சம் குறையும். மூன்றாவது சுற்றில் மாடல் கத்துகிறது. மின்சாரம் போதாமல், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு உயிரைப் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு நிலைக்குப் போக எட்டுச் சுற்று அவகாசம் இருந்தால், ஐந்து சுற்று முன்னாடியே தெரிந்துவிட்டது என்று கணக்கு. இதே சோதனையைத் தகட்டை முழுதாக அணைக்காமல், பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று மங்கவைத்தும் செய்யலாம். எந்த அளவுக்குக் கீழே போனால் மாடலுக்குக் கண் தெரியாமல் போகிறது என்பது அப்போது புரியும். எனக்கு மாடலின் துல்லியம் எத்தனை சதவீதம் என்பதைவிட இந்த எல்லைதான் முக்கியம்.

அப்புறம் காலண்டரைத் தள்ளிவையுங்கள். விடியலும் அந்தியும் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டியே சுற்றுகிற சில பாதைகளில், ஆண்டின் பெரும்பகுதியில் செயற்கைக்கோள் நிழலுக்குள்ளேயே போகாது. நிழல் வரும் பருவத்தில் கற்ற மாடல் அந்த மாதங்களில் என்ன செய்யும்? அலையே இல்லை, வெப்பநிலை ஒரே நேர்க்கோடு, ஹீட்டர் எரியவே இல்லை. செயற்கைக்கோள் நிம்மதியாக வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது, மாடல் மட்டும் நாள் முழுக்க அலறுகிறது. மேலே இருப்பதில் இதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரட்டையில் ஓர் இரவு ஓடவிட்டால் ஓர் ஆண்டு முடிந்துவிடும்.

இன்னொரு வகை உடைப்பு இருக்கிறது, இது விண்வெளிக்கே உரியது. கதிர்வீச்சுத் துகள் ஒன்று நினைவகத்தில் பட்டு, அங்கே 0 என்றிருந்த பிட் 1 ஆகப் புரண்டுவிடும். சிப் சாகாது, எழுதியிருந்த எண் மாறிவிடும். சின்னச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலும் சாதாரணக் கடைச் சிப்புகள்தான் என்பதால் இந்தக் கவலை அதிகம். தென் அட்லாண்டிக்குக்கு மேல், பூமியின் காந்தக் கவசம் மெலிந்த பகுதியைக் கடக்கும்போது இன்னும் அதிகம்.

மாடல் என்பது அடிப்படையில் எண்களின் பெரிய மூட்டை. அதில் ஓர் எண் 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி இதை 32 பிட்டுகளில் எழுதிவைக்கிறது. கடைசி பிட் புரண்டால் 0.5 என்பது 0.50000006 ஆகும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. முன்னால் உள்ள, எண் எவ்வளவு பெரியது என்பதை முடிவுசெய்யும் அடுக்கைக் குறிக்கும் எட்டு பிட்டுகளில் முதலாவது புரண்டால்? அதே 0.5 இப்போது ஏறத்தாழ 17 போட்டு அதன்பின் 37 பூஜ்யம் போட்ட எண். அந்த ஒரு எண் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதன்பிறகு கேமரா எதைக் காட்டினாலும் மாடல் மேகம், மேகம் என்றுதான் சொல்லும்.

இரட்டையில் இதைச் செய்து பார்ப்பது மிகச் சுலபம். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏதாவது ஒரு பிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு புரட்டுங்கள். சோதனைப் படங்களைக் கொடுங்கள். எத்தனை விடை மாறியது என்று எண்ணுங்கள். ஆயிரம் தடவை செய்யுங்கள். பெரும்பாலான புரட்டல்கள் ஒன்றுமே செய்யாது, ஒரு சில மட்டும் மாடலைக் கவிழ்த்துவிடும் என்பது தெரியவரும். மாடலின் எண்களை 8 பிட் முழு எண்களாகச் சுருக்கிவிட்டால் நினைவகம் மிச்சமாவதோடு இந்த ஆபத்தும் குறைகிறது. அங்கே ஒரு பிட் எப்படிப் புரண்டாலும் எண் மைனஸ் 128-க்கும் 127-க்கும் நடுவில்தான் எகிற முடியும். இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை பாதுகாப்பையும் கொண்டுவருவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

எட்டுப் போட்டுப் பழகியவர்

இதுவரை இரட்டையைப் புகழ்ந்தாயிற்று. இனி அதன் மேல் எனக்குள்ள பயம்.

பைக் லைசன்ஸுக்கு மைதானத்தில் எட்டுப் போட்டுப் பழகுவோம். கால் ஊன்றாமல் வளைந்து வளைந்து அழகாகப் போட்டுக் காட்டி லைசன்ஸும் வாங்கிவிடுவோம். மறுநாள் சாலையில் எதிரே பஸ் வரும், ஓரத்தில் மணல் கிடக்கும், நடுவில் நாய் நிற்கும். எட்டுக்கு அங்கே வேலையே இல்லை. இரட்டையில் மட்டுமே பழகிய மாடலின் கதையும் இதுதான். அது செயற்கைக்கோளைக் கற்றுக்கொள்வதில்லை, இரட்டையைக் கற்றுக்கொள்கிறது. இரட்டையில் நீங்கள் விட்ட பிழைகளையும் சேர்த்துத்தான்.

டிஎஸ்18பி20 என்று ஒரு வெப்பமானிச் சிப் உண்டு. விலை குறைவு, மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. மின்சாரம் கொடுத்தவுடன், அளவெடுக்கச் சொல்லாமலே அதைப் படித்தால் 85 டிகிரி என்று சொல்லும். கோளாறு இல்லை, தொடக்கத்தில் அதனுள் வைத்திருக்கும் எண் அதுதான். மொட்டை மாடியில் ஒன்றை மாட்டி வைத்து, நள்ளிரவில் 85 டிகிரி என்று பதிவாகியிருந்ததைப் பார்த்து நானே ஒரு நிமிடம் பயந்திருக்கிறேன். இப்படி ஒரு சிப்பை வைத்த செயற்கைக்கோள் ஒவ்வொரு தடவை ரீபூட் ஆகும்போதும் ஒரு 85-ஐக் கக்கக்கூடும். இரட்டையை எழுதியவர் வெப்ப இயற்பியலை அழகாக எழுதியிருப்பார், இந்த 85-ஐ எழுதியிருக்க மாட்டார். இரட்டையின் வெப்பநிலை மெழுகுபோல வழுவழுவென்று ஏறி இறங்கும். உண்மையான டெலிமெட்ரி படிக்கட்டுபோலக் குதிக்கும், நடுவில் பாதி காணாமல் போயிருக்கும், நேரமுத்திரை பின்னால் போகும். வழுவழுப்பில் பழகிய மாடல் முதல் நாளே திணறிவிடும்.

இது படங்களில் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு விண்கலம் இன்னொன்றை நெருங்கும்போது, கேமராப் படத்தை மட்டும் பார்த்து எதிரில் இருப்பது எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்ல ஒரு மாடல் வேண்டும். அதற்கு உண்மையான விண்வெளிப் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்காது. ஸ்டான்ஃபோர்டின் ஆய்வகம் ஒன்று 2010-இல் பறந்த ஸ்வீடனின் பிரிஸ்மா திட்டத்தில் இருந்த டாங்கோ என்ற சின்னக் கலத்தை எடுத்துக்கொண்டது. கணினியிலேயே வரைந்த படங்கள் சுமார் 60,000. அதோடு நிற்காமல், டாங்கோவின் மாதிரி ஒன்றைச் செய்து, இருட்டறையில் ரோபோக் கையில் மாட்டி, விளக்குகளைப் போட்டு உண்மையான கேமராவில் சுமார் 9,500 படங்கள் எடுத்தார்கள். ஒரு தொகுப்பு பூமியிலிருந்து எதிரொளிக்கும் மென்மையான வெளிச்சம்போல, இன்னொன்று நேரடிச் சூரியன்போலக் கண்ணைக் கூசவைப்பது. 2021-இல் ஈசாவோடு சேர்ந்து இதைப் போட்டியாகவே நடத்தினார்கள். விதி இதுதான்: வரைந்த படங்களை வைத்து மாடலுக்குக் கற்றுக்கொடு, மதிப்பெண் விளக்குப் படங்களில். ஒரே கலம், ஒரே வடிவம். ஆனால் வரைந்த படத்தில் கெட்டிக்காரனாக இருந்த மாடல் விளக்கு வெளிச்சத்தில் தடுமாறும். உலோகத்தில் தெறிக்கும் பளபளப்பை, லென்ஸுக்குள் ஒளி சிதறுவதை வரைந்த படம் அதற்குக் காட்டவே இல்லையே.

இதற்குச் செய்யும் வைத்தியம் கொஞ்சம் விசித்திரமானது. இரட்டையை இன்னும் துல்லியமாக்குவதற்குப் பதில், வேண்டுமென்றே தாறுமாறாக்குகிறார்கள். வெளிச்சத்தை மாற்று, நிறத்தை மாற்று, புள்ளிபுள்ளியான இரைச்சலைக் கூட்டு, படத்தின் ஒரு மூலையை மறை. சூரியத் தகட்டின் திறனையும் மின்கலத்தின் கொள்ளளவையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கூட்டிக் குறை. ஒரே இரட்டைக்குப் பதில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நூறு இரட்டைகள். அவற்றுக்கு நடுவே உண்மையான கலமும் எங்கோ ஒளிந்திருக்கும் என்ற நம்பிக்கைதான். எட்டுப் போடும் மைதானத்தில் மணலையும் கொட்டி நாயையும் அவிழ்த்துவிடுவதுபோல.

ஈசாவின் ஃபை-சாட்-1 இந்த இடைவெளியை எதிர்கொண்ட விதம் படிக்கத் தகுந்தது. 2020 செப்டம்பரில் ஏவப்பட்ட அதில் ஹைப்பர்ஸ்கவுட்-2 என்ற புதுக் கேமராவும், மாடலை ஓட்டுவதற்கு இன்டெலின் மிரியாட் 2 சிப்பும் இருந்தன. மேகம் மூடிய படங்களைத் தூக்கிப்போடும் கிளவுட்ஸ்கவுட் மாடலைப் பீசா பல்கலைக்கழகத்தினர் தலைமையேற்றுச் செய்தார்கள். புதுக் கேமரா எடுத்த படம் ஒன்றும் கையில் இல்லை. ஆகவே ஏற்கெனவே விண்ணில் இருந்த சென்டினல்-2 என்ற பெரிய செயற்கைக்கோளின் படங்களை எடுத்து, புதுக் கேமரா எடுத்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி மாற்றி, அதைக் கொண்டு கற்றுக்கொடுத்தார்கள். முழுச் செயற்கைக்கோளுக்கும் இரட்டை செய்யாமல் கண்ணுக்கு மட்டும் செய்தார்கள் என்று சொல்லலாம். ஒரு படத்தில் 70 சதவீதத்துக்கு மேல் மேகம் இருந்தால் வேண்டாம் என்பது விதி. சோதனையில் 92 சதவீதத் துல்லியம். நல்ல படத்தைத் தவறாகத் தூக்கிப்போடுவது ஒரு சதவீதம்தான். இரண்டாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மேகப் படம் ஒன்று தப்பிக் கீழே வந்தால் கொஞ்ச நேரம் வீண், அவ்வளவுதான். நல்ல படத்தை மேலேயே அழித்துவிட்டால் அது போனது போனதுதான். 2024 ஆகஸ்டில் போன ஃபை-சாட்-2-க்கு இதே வழியை இன்னும் முறையாகச் செய்தார்கள். சென்டினல்-2 படத்தை வாங்கி, நிறப் பட்டைகள் ஒன்றுக்கொன்று சற்று விலகி விழுவதையும் இரைச்சலையும் மங்கலையும் சேர்த்து, புதுக் கேமராவின் படம்போல ஆக்கித் தரும் மென்பொருளையே போட்டியாளர்களுக்குக் கொடுத்தார்கள்.

மடிக்கணினி சொல்லாத விஷயம்

மென்பொருள் இரட்டையில் எல்லாம் பாஸ் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மடிக்கணினியில் ஒரு படத்துக்கு 50 மில்லி நொடி ஆனது. பறக்கப்போகும் பலகையில் அதே கணக்குக்கு மூன்று நொடி ஆகலாம். செயற்கைக்கோளில் வாட்ச்டாக் என்று ஒரு காவல் கடிகாரம் உண்டு. குறித்த நேரத்துக்குள் மென்பொருள் 'உயிரோடு இருக்கிறேன்' என்று குரல் கொடுக்காவிட்டால், தொங்கிப்போய்விட்டது என்று நினைத்து ரீபூட் செய்துவிடும். அது இரண்டு நொடிக்கு வைக்கப்பட்டிருந்தால்? மாடல் படத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரீபூட். எழுந்து மறுபடி படம், மறுபடி ரீபூட். விடை சரியா தப்பா என்ற பேச்சுக்கே இடமில்லை. மின்சாரமும் இப்படித்தான். கிளவுட்ஸ்கவுட் ஒரு படத்தைப் பார்க்க மூன்றில் ஒரு நொடியும் 1.8 வாட்டும் எடுத்துக்கொண்டது. வீட்டில் 1.8 வாட் ஒரு இரவு விளக்குக்குக்கூடக் காணாது. கியூப்சாட்டில் அது கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய தொகை.

அதனால்தான் மென்பொருள் இரட்டைக்கு அடுத்த படியாக ஃபிளாட்சாட் வருகிறது. செயற்கைக்கோளின் அதே பலகைகளைப் பெட்டிக்குள் அடுக்காமல் மேசை மேல் பரப்பி, கம்பிகளால் இணைத்து வைத்திருப்பார்கள். ஆப்ஸ்-சாட்டுக்கு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் கட்டுப்பாட்டு மையத்தில் அப்படி ஒன்று இருந்தது. வெளியாட்கள் கொடுத்த மென்பொருள் முதலில் அங்கே ஓடிக் காட்டிவிட்டுத்தான் மேலே போகும். சூரியனும் சுற்றுப்பாதையும் கணினிக் கணக்கு, செயலியும் கம்பியும் நிஜம் என்ற இந்தக் கலப்பு ஏற்பாடுதான் என் கண்ணுக்கு மிகவும் நம்பகமானது.

ஏவியபிறகு இரட்டைக்குப் புது வேலை. இப்போதுதான் அது பெயருக்கேற்ற இரட்டையாகிறது. ஒவ்வொரு தடவையும் கீழே வரும் டெலிமெட்ரியோடு தன் கணிப்பை ஒப்பிட்டுக்கொள்ளும். மின்கலம் இப்போது 11.2 டிகிரி இருக்க வேண்டும் என்று இரட்டை சொல்கிறது, மேலே இருப்பது 10.9 என்கிறது. வித்தியாசம் 0.3. இதே வித்தியாசம் தினமும் இருந்தால் இரட்டையின் கணக்கில் ஏதோ ஒரு எண்ணைத் திருத்த வேண்டும். நேற்றுவரை 0.3, இன்று 1.5 என்றால் மேலே ஏதோ நடந்திருக்கிறது. மெஷின் லேர்னிங் மாடலுக்கு வெப்பநிலையைக் கொடுக்காமல் இந்த வித்தியாசத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். வெயில், நிழல், பருவம் எல்லாவற்றையும் இயற்பியல் கவனித்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதை மட்டும் மாடல் பார்த்தால் போதும். முன்னால் சொன்ன நிழலில்லாப் பருவத்து அலறலும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உண்மைப் படங்கள் வரத் தொடங்கினாலும் கை நிறையக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆப்ஸ்-சாட் பறந்துகொண்டிருந்தபோதே, 2022-இல், ஈசா ஒரு போட்டி வைத்தது. மேகம், பனி, ஆறு, மலை, வயல் என்று எட்டு வகை. வகைக்குப் பத்துப் படம், ஆக மொத்தம் 80. மாடலின் கட்டமைப்பை மாற்றக் கூடாது, இந்த 80-ஐ வைத்து அதற்கு எப்படிக் கற்றுக்கொடுப்பாய் என்பதுதான் கேள்வி. மேலே ஒரு செயற்கைக்கோளே இருந்தும், எந்த வகை என்று பெயரிட்டுக் கொடுத்த படம் 80-தான். 2024 மே 22-க்கும் 23-க்கும் இடைப்பட்ட இரவில் ஆப்ஸ்-சாட் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது.

நீங்களே தொட்டுப் பார்க்க நினைத்தால் நாஸ்-3 இலவசமாகக் கிடைக்கிறது, மூல நிரலோடு. லினக்ஸ் ஓடுகிற ஓரளவு நல்ல மடிக்கணினி போதும். நிறுவுவதற்கு ஒரு சனிக்கிழமை போய்விடும், அதற்குத் தயாராக இருங்கள். மாடல், கற்றல் எல்லாம் அப்புறம். முதலில் சும்மா ஓடவிட்டு, ஒரு முழுச் சுற்று, ஒன்றரை மணி நேரம், மின்கலத்தின் எண் நிழலில் இறங்குவதையும் வெயிலில் ஏறுவதையும் பாருங்கள். அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குப் பழகியபின் சூரியத் தகடு ஒன்றை அணைத்துவிட்டு, எத்தனையாவது நிமிடத்தில் உங்களுக்கே சந்தேகம் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யப்போகும் மாடல் முந்த வேண்டியது அந்த நிமிடத்தைத்தான்.